இரண்டு மணிச் சத்தம்

ஜூன் 5, திங்கள்

பேங்கில் கொடுத்த டைரி ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. முதல் பக்கத்தில் பெயரும் விவரமும் கேட்கிறார்கள். பெயர் கோமதி. வயது அறுபத்திரண்டு. ஊர் பாளையங்கோட்டை. வேலை, தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைக்கிற டிரங்க் ஆபரேட்டர், முப்பத்துநாலு வருஷம், இப்போது ஓய்வு. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டேன்.

வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. கணவர் இருக்கிறார். சிதம்பரநாதன், நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராக இருந்தவர், அவரும் ஓய்வுதான். மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சு என்றால் “பால் வந்துட்டு”, “கேஸ் தீந்துட்டு”, அவ்வளவோடு சரி. மிச்சத்தை எங்கேயாவது கொட்ட வேண்டாமா? அதற்கு இந்த டைரி.

இன்றைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் புது டிவி வாங்கி வந்திருக்கிறார். பழையது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. புதியது தட்டு மாதிரி மெல்லிசு, சத்தமும் மெல்லிசு. உடனே பரண்மேல் ஏறினார். கல்யாணமான புதிதில் வாங்கிய ஸ்டீரியோவை இறக்கினார். இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், குழவிக்கல் கனத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர். அந்தக் காலத்திலேயே அதை யாரும் தொடக் கூடாது. குமிழ் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்திருப்பார். நெயில் பாலிஷ் என்னுடையது.

டிவியை மாட்ட வந்த கடை ஆள் ஒரு ஒயரை எடுத்து டிவியின் ஹெட்போன் ஓட்டையில் சொருகி, மறுமுனையை ஆம்ப்ளிஃபயரின் முதுகில் சொருகினான். ரிமோட்டில் எங்கெங்கோ உள்ளே போய் ஹெட்போன் சத்தத்தை நாற்பதில் நிறுத்தினான். “ஆன்ட்டி, இத மட்டும் மாத்திராதிய. இதுக்கு மேல போனா கரகரன்னு பேச்சே வெளங்காது. சத்தம் வேணும்னா அந்தப் பெட்டியில கூட்டிக்கிடுங்க” என்றான். என்னிடம்தான் சொன்னான். இவர் அப்போது ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி.

ஜூன் 6, செவ்வாய்

மத்தியானம் இரண்டு மணிக்கு நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். சீரியல் என்றாலே முகத்தைச் சுளிக்கிற மனுஷர், நாற்காலியை இழுத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். வடக்கே எடுத்துத் தமிழில் குரல் கொடுத்த மாமியார் மருமகள் சீரியல். அரண்மனை மாதிரி வீடு, தூங்கும்போதும் கழற்றாத நகை. அதில் மாமியார் வாயைத் திறந்தாள். என் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

நான் படத்தைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. ஒரு குரலை ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும். அது மங்கை.

மங்கையர்க்கரசி, எங்கள் ஒரே மகள். மூன்று வருஷமாக நான் சொல்லாத பெயர். கூட்டுறவு வங்கி வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு டப்பிங் பேசப் போகிறேன் என்று வந்து நின்றாள். முகத்தைக் காட்டாமல் குரலை விற்கிற பிழைப்பு எதற்கு என்று கேட்டேன். “நீ என்ன மொகத்தக் காட்டியா முப்பத்துநாலு வருசம் பேசுன?” என்று திருப்பிக் கேட்டாள். இனிமேல் உன் குரல் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னேன். ரோஷக்காரி. அன்றிலிருந்து எனக்கு ஒரு ஃபோன் இல்லை. அப்பாவுக்கு மட்டும் உண்டு. சாயங்காலம் நடைப்பயிற்சி என்று மைதானத்துக்குப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு வருகிறார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

ஆக, டிவி எதற்கு, ஸ்பீக்கர் எதற்கு என்று இப்போது விளங்கிவிட்டது. அவள் குரல் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று நான் சொன்னேன். இவர் அதைப் பின்கட்டில் துணி துவைக்கிற கல் வரைக்கும் கேட்கவைக்கிறார். வாயைத் திறந்து என்னிடம் சண்டை போடத் தைரியம் இல்லாத ஆள், இரண்டு ஸ்பீக்கரை வைத்துச் சண்டை போடுகிறார்.

ஜூன் 7, புதன்

இன்றைக்கும் இரண்டு மணிக்கு அதே அமர்க்களம். இன்று கதவோரம் நின்று பார்த்தேன். மாமியார்க்காரி புருவத்தைத் தூக்கி, “ஓஹோ, அப்படியா சங்கதி? ரொ...ம்ப சந்தோஷம்” என்றாள். இவர் சிரித்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை, வயிறு குலுங்கச் சிரித்தார். திரும்பி என்னைப் பார்த்ததும் இன்னும் கூடுதலாகச் சிரித்தார்.

எதிர்வீட்டு வடிவு கறிவேப்பிலை வாங்க வந்தவள் வாசலிலேயே நின்று கேட்டாள். “யக்கா, உள்ள யாரத் திட்டுதிய?”

“நான் யாரையும் திட்டல. டிவி.”

“அய்யே, நான் நீங்கன்னுல்லா நினைச்சேன்! அந்த மாமியா பேசுதது அச்சு அசல் ஒங்கள மாதிரியே இருக்கு.”

கறிவேப்பிலை இல்லை என்று அனுப்பிவிட்டேன். தோட்டத்தில் மரமே நிற்கிறது, அவளுக்கும் அது தெரியும்.

ஊருக்கெல்லாம் கேட்கிற ஒரு ராட்சசிக்கு என் மகள் என் குரலைப் போட்டிருக்கிறாள். நான் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விடுகிறாள், நான் இழுக்கிற இடத்தில் இழுக்கிறாள். அதைக் காசு கொடுத்து வாங்கிய டிவியில் போட்டு என் புருஷன் சிரிக்கிறார். நன்றாக இருக்கிறது குடும்பம்.

ஜூன் 8, வியாழன்

ஹாலைச் சுத்தம் செய்தேன். டிவிக்குப் பின்னால் ஒட்டடை. ரிமோட்டைக்கூட ஈரத்துணியால் துடைத்து வைத்தேன்.

மத்தியானம் சீரியலில் எல்லாரும் தகர டப்பாவுக்குள் நின்று கத்துகிற மாதிரி கேட்டது. எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஜூன் 9, வெள்ளி

இவர் காலையிலிருந்து தரையில் உட்கார்ந்து ஒயரைப் பிடுங்குகிறார், ஊதுகிறார், மறுபடி சொருகுகிறார். ஆம்ப்ளிஃபயரில் கூட்டினாலும் கரகர, குறைத்தாலும் கரகர. செய்தி வாசிக்கிறவர் தொண்டையில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி வாசிக்கிறார்.

டிரங்க் போர்டில் இருந்தபோது பம்பாய்க்குப் பேச வருகிறவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். தூரமாம், கத்தினால்தான் போய்ச் சேருமாம். “கத்தாதீங்க சார், மெதுவாப் பேசுங்க” என்றும், நேரம் ஆனதும் “மூணு நிமிசம் முடிஞ்சிட்டு” என்றும் நாளைக்கு நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். தாங்குகிற அளவுக்கு மேல் சத்தம் போனால் கம்பி அதை நசுக்கித்தான் கொண்டுபோகும். அந்தப் பக்கம் போய்க் குறைத்தாலும் நசுங்கினது நசுங்கினதுதான். இந்தச் சின்ன விஷயம் ஒரு ஓவர்சியருக்குத் தெரியவில்லை. அவருக்கு டிவி என்றால் படம் மட்டும்தான். சத்தம் கெட்டால் பெட்டியில்தான் கோளாறு.

அந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டால் டிவியிலேயே தெளிவாகக் கேட்கும். செய்ய மாட்டார். அந்தச் சத்தம் சமையலறைக்கு எட்டாதே.

ஜூன் 10, சனி

சமாதானபுரத்திலிருந்து மெக்கானிக் அருள்தாஸைக் கூட்டிவந்தார். கல்யாண வீடுகளுக்கு மைக் செட் பார்க்கிறவன். ஆம்ப்ளிஃபயரைத் திறந்ததும் உள்ளே பல்லி முட்டை ஓடு நாலு கிடந்தது.

“அண்ணாச்சி, பெட்டிய மேல தூக்கிப் போட்டு எத்தன வருசமாச்சு?”

“அதெல்லாம் நல்ல பெட்டிடே. முந்தாநாள் வர மணி மணியாக் கேட்டுச்சு.”

“கண்டென்சர் வயசாயிருக்கும். மாத்திப் பாப்போம்.”

நான் காபி கொண்டுபோய் வைத்தேன். அருள்தாஸ் மரியாதைக்கு, “யக்கா, ஒங்களுக்கும் கரகரன்னுதான் கேக்கா?” என்றான்.

“எனக்கு எல்லாமே கரகரன்னுதான் கேக்கு. நான் ஒண்ணும் சொல்லுததில்ல” என்றேன். இவர் கழுத்தைத் திருப்பாமல் காபியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஜூன் 12, திங்கள்

கண்டென்சர் மாற்றியாகிவிட்டது. இரண்டு மணிக்கு அதே கரகர. இவர் மெதுவாக எழுந்து சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“நீ ஏதும் தொட்டியா?”

“நான் எதுக்குத் தொடுதேன்? ஒங்க சாமான், ஒங்க சத்தம்.”

மூன்று வருஷத்தில் நாங்கள் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

ஜூன் 13, செவ்வாய்

இன்றும் கரகர. வெண்டைக்காய் பிஞ்சாகக் கிடைத்தது.

ஜூன் 15, வியாழன்

இவர் இன்று நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் மண்டியிட்டு, இடது பக்கத்து ஸ்பீக்கரின் துணியில் காதை ஒட்டிவைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயசில் முழங்கால் வலியோடு அரைமணி நேரம். அந்தக் கரகரப்புக்குள் எதைப் பொறுக்கினாரோ தெரியாது. முடிந்ததும் எழுந்திருக்க முடியாமல் ஸ்பீக்கரையே பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பாவம் என்று நான் நினைக்கவில்லை. தைலத்தை எடுத்து டிவி பக்கத்தில் வைத்தேன். இடம் ஒழிக்கத்தான்.

ஜூன் 17, சனி

மாட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அருள்தாஸ் மறுபடி வந்தான். இந்தத் தடவை தன் செல்ஃபோனை நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகி ஒரு நாதஸ்வரம் போட்டான். கண்ணாடி மாதிரி கேட்டது. “பெட்டியில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. டிவிலேந்து வாரதே கெட்டுத்தான் வருது” என்று ரிமோட்டை எடுத்து உள்ளே உள்ளே போனான். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவுகிற கை தானாக நின்றுவிட்டது.

“இது யாரு நூறுல வச்சா?”

இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அருள்தாஸ் விவரமானவன். நாற்பதுக்கு இறக்கிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சாவதானமாகச் சொன்னார்.

“ரெண்டு நாள்கூட ஒன்னால தாங்க முடியல. ஒம் பேச்சக் கேட்டா ஒனக்கே காது கூசுது. அந்தப் புள்ள இருபத்தாறு வருசம் இதத்தான் கேட்டுச்சு.”

“நீங்க ரொம்ப ஒழுங்கு. மைதானத்துல ஒளிஞ்சுக்கிட்டுப் பேசுத ஆளு.”

“ஒளிஞ்சாவது பேசுதேன்.”

அதற்குப் பிறகு நான் தேங்காயைத் துருவி முடித்தேன். யாருக்கும் சாப்பிடப் பிடிக்காத ஒரு துவையல் அரைத்தேன்.

ஜூன் 18, ஞாயிறு

ஹோட்டலிலிருந்து சாப்பாடு வாங்கிவந்தார். ஒரே ஒரு பொட்டலம்.

ஜூன் 19, திங்கள்

இரண்டு மணிக்கு வேண்டுமென்றே சமையலறைக் கதவைத் திறந்து வைத்தார். கேள், நன்றாகக் கேள் என்று அர்த்தம். சீரியலின் பாட்டு தெளிவாக வந்தது. மருமகள் அழுதாள், மூக்கை உறிஞ்சுவது வரைக்கும் கேட்டது. மாமியார் வாயைத் திறந்தாள். கரகர.

இவர் பாய்ந்து வந்தார். “இன்னும் என்னட்டி செஞ்சு வச்சிருக்க?”

“நான் தொடல.”

“கோமதி, வெளையாடாத.”

“ஒங்க மேல சத்தியமா தொடல.”

“எம்மேல எதுக்கு? நான் செத்தா ஒனக்கென்ன?”

ரிமோட்டைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் ஒயரையெல்லாம் உருவத் தொடங்கினார். நான் அப்படியே நின்றேன். மருமகள் தெளிவு. வேலைக்காரி தெளிவு. கதவு சாத்துகிற சத்தம்கூடத் தெளிவு. அவள் ஒருத்தி மட்டும் கிழிந்து கிழிந்து வருகிறாள். கம்பியில் கோளாறு என்றால் அதில் பேசுகிற எல்லாரும் கெடுவார்கள். ஒருத்தர் மட்டும் கெட்டால் கோளாறு கம்பியில் இல்லை.

ஜூன் 20, செவ்வாய்

இன்று அவர் பக்கத்திலேயே போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நகர்ந்துகொண்டார். பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சொல் தொடங்கும்போது குரல் இருக்கிறது, முடியும்போது காற்றாகப் போய்விடுகிறது. அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு குரல் சேர்ந்த மாதிரி ஒரு பிளவு.

இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எனக்குப் பக்கத்து போர்டில் எஸ்தர் இருந்தாள். தேன் மாதிரி குரல். தொண்டை கரகரத்தபோது சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டே ஷிஃப்ட் பார்த்தாள். ஆறு மாதத்தில் காற்று மட்டும்தான் வந்தது. தொண்டைக்குள் காய்ப்பு விழுந்திருக்கிறது, முதலிலேயே வாயை மூடியிருந்தால் சரியாகியிருக்கும் என்றார் டாக்டர். அதோடு அவளைக் கோப்பு அடுக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வு பெறுகிறவரை பலகையில் எழுதிக் காட்டித்தான் பேசினாள்.

“இது ஒயர் இல்ல. அவ தொண்ட கெட்டிருக்கு” என்றேன்.

“ரிமோட்டுல நூறு வச்சது யாரு? அதுவும் அவ தொண்டையா?”

“கடைசியா எப்பப் பேசுனிய அவகிட்ட?”

“தெனமும் பேசுதேன்.”

“வாயால பேசுனாளா, எழுதி அனுப்புனாளா?”

ஒயரைக் கீழே போட்டார். ஃபோனை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “மே மாசக் கடைசியிலேந்து மெசேஜ்தான். வேல ஜாஸ்திங்கா” என்றார்.

அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஜெயித்துவிட்டேன். போட்ட சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன்.

ஜூன் 21, புதன்

இவர் காலையில் ஐந்து தடவை கூப்பிட்டார். மைதானத்துக்குப் போகவில்லை, என் முன்னால் ஹாலில் நின்றே கூப்பிட்டார். எடுக்கவில்லை. பத்து மணிக்கு ஒரு மெசேஜ்: “ரெக்கார்டிங்ல இருக்கேன்ப்பா. நல்லாருக்கேன்.”

“நல்லாருக்காளாம்” என்று என்னிடம் காட்டினார்.

“நல்லாருக்கதுக்கு எழுத்து எதுக்கு? ரெண்டு வார்த்தை சொன்னா போதாதா?”

“ஒன்னாலதான் இதெல்லாம்” என்றார்.

ஆமாம் என்று சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன். ஏழாம் தேதி கதவோரம் நின்று கேட்டபோதே ‘சந்தோஷம்’ என்கிற சொல்லின் வாலில் ஒரு பிசிறு இருந்தது. காதில் விழுந்தது. நடிப்புக்காகச் செய்கிறாள், என்னைக் கேலி செய்யச் செய்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் நூறில் வைத்தேன். ஒன்பது நாள் அந்தச் சீரியல் வீட்டில் எல்லார் குரலும் கெட்டுக் கிடந்ததால் அவள் குரல் கெட்டது யாருக்கும் தெரியாமல் போனது. முப்பத்துநாலு வருஷம் காதை வைத்துப் பிழைத்தவள் செய்த வேலை இது.

இன்னொன்றும் எழுத வேண்டும். அது அவள் குரல் இல்லை. அவளுடையது மெல்லிசான குரல், சின்ன வயசில் பக்கத்து அறையில் பேசினாலே கேட்காது. அதை அமுக்கி, கனமாக்கி, நாளெல்லாம் என்னை மாதிரி அதட்டிப் பேசியிருக்கிறாள். என் அதட்டலை என் தொண்டை மட்டும்தான் தாங்கும் போலிருக்கிறது.

ஜூன் 22, வியாழன்

இன்று ஒரு வசனத்தில் பாதி வரவேயில்லை. வாய் அசைந்தது. பின்னணி இசையைக் கூட்டி மூடிவிட்டார்கள்.

ஜூன் 23, வெள்ளி

இரண்டு மணிக்கு முன்பே இரண்டு பேரும் போய் உட்கார்ந்துவிட்டோம். மாமியார் படிக்கட்டில் இறங்கி வந்தாள். அதே புருவம், அதே நகை. வாயைத் திறந்தாள். வேறு யாரோ பேசினார்கள்.

தெளிவான குரல். ஒரு பிசிறு இல்லை. யாரோ ஒரு பெண், நன்றாகவே பேசுகிறாள். இரண்டு ஸ்பீக்கரிலும் மணி மணியாகக் கேட்டது. இவர் எழுந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். ஒயரைப் பிடுங்கவில்லை, அதட்டவில்லை, அணைத்தார். அப்புறம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொட்டால் தட்டிவிடுவார் என்று பயமாக இருந்தது.

“எடுக்க மாட்டேங்கா” என்றார். “நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கா. கொரலு கெட்டுப்போனது எனக்குத் தெரியக் கூடாதுன்னு நினைக்கா.”

“எங்கிட்ட மறைக்க அவளுக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் மூணு வருசமாக் கேக்கலியே” என்றேன்.

“அப்ப நீ கூப்பிடு.”

“எடுப்பாளா?”

“எடுக்கலேன்னா அதுக்கும் நீதான் காரணம்” என்றார்.

இன்று கூப்பிடவில்லை. ஃபோனை நான்கு தடவை எடுத்தேன். எத்தனையோ லட்சம் பேருக்கு இணைப்புக் கொடுத்த கை, பத்து எண்ணை அழுத்த வரவில்லை.

ஜூன் 24, சனி

காலை ஒன்பதரை மணிக்குக் கூப்பிட்டேன். எண் மனப்பாடம்தான், எப்போதுமே இருந்தது. ஸ்பீக்கரில் போடு என்று இவர் கையால் காட்டினார். போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். ஒன்றும் பேசவில்லை. ஆள் இல்லாத லைன் வேறு, ஆள் இருந்து பேசாத லைன் வேறு. மூச்சு கேட்டது.

“மங்கை, அம்மா பேசுதேன். நீ பேசாத, வாயத் தொறக்காத. ஒந் தொண்ட கெட்டது எனக்குத் தெரியும். டிவில கேட்டேன். தெனமும் கேட்டேன்.”

மூச்சு மட்டும்.

“டாக்டர்ட்ட போனியா? போயிருப்ப. போகலேன்னா செருப்பு பிஞ்சிரும். யாரக் கேட்டு என் கொரலப் போட்டுப் பேசுன? கடவுள் ஒனக்குன்னு ஒண்ணு குடுக்கலியா? நான் அதட்டுதது ஒனக்கு எதுக்கு? எஸ்தர் அத்தைய மறந்துட்டியா? பலகைய வச்சுக்கிட்டு நம்ம வீட்டுக்கு வருவாளே, நீதான அழிச்சு அழிச்சுக் குடுப்ப?”

இவர் கண்ணைக் காட்டினார், போதும் என்று. எனக்கு நிற்கவில்லை.

“இங்க டிவில சத்தத்தக் கெடுத்து வச்சது நாந்தான். ஒங்கப்பா சொல்லியிருப்பாரு, சொல்லலேன்னா நான் சொல்லுதேன். ஒன்பது நாளு. அன்னைக்கு ஒன்னப் போகச் சொன்னதும் தப்பு. கோவத்துல சொன்னேன்னு சொல்ல மாட்டேன். பொறாமையில சொன்னேன். முப்பத்துநாலு வருசம் பேசுனேன், ‘மூணு நிமிசம் முடிஞ்சிட்டு’ன்னு சொன்ன கொரலுன்னு எவனுக்கும் என்னத் தெரியாது. நீ போயி ஊரு பூரா கேக்குத மாதிரிப் பேசப் போறேன்னதும் பொறுக்கல. பெத்த புள்ள மேல யாராச்சும் பொறாமப்படுவாளா? நான் பட்டேன்.”

இவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இவ்வளவுதான். இதுக்கு மேல கேக்க இஷ்டமில்லேன்னா வச்சிரு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நாலு நிமிஷம் பத்து விநாடி. பதினொன்று. பன்னிரண்டு. வைக்கவில்லை. ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. இவருடைய ஃபோனில் டிங் என்றது. கண்ணாடியைத் தேடினார், நெற்றியிலேயே இருந்தது. இறக்கிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

“செவ்வாக்கிழம ஆபரேசன் முடிஞ்சிட்டுப்பா. பயப்படாதீங்க. மூணு வாரம் மூச்சுக் காட்டக் கூடாதுன்னுட்டாங்க. ரூமுல தனியாத்தான் இருக்கேன். அம்மாவ வரச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து அம்மாவே பேசிரும்.”

இவர் சிரித்தார், அழுதார், இரண்டும் ஒன்றாகப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் ஃபோனைப் பார்த்து, “சாயங்கால ரயிலுக்கு வாரேன். அதுவர வாய மூடிக்கிட்டுக் கெட” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பெட்டியை இறக்கிப் புடவையை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். நடுவில் இதை எழுதுகிறேன். கொஞ்ச நேரம் முன்னால் இவர் வாசலில் வந்து நின்று, மூன்று வருஷத்தில் இல்லாத பணிவோடு, “ரெண்டு டிக்கெட் போடட்டா?” என்று கேட்டார்.

“ஒண்ணு போதும்” என்றேன். “மூணு வருசம் நீங்க பேசியாச்சு. இந்த மூணு வாரம் நான் பேசிக்கிடுதேன்.”